நாய்க்கும் குதிரைக்கும் என்.டி.ஐ.எஸ். பணம் தருமா? ஆஸ்திரேலியாவுக்குப் புதிதாக வந்த குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆஸ்திரேலியாவில் குடியேறிய பிறகு, பிள்ளைக்கு ஆட்டிசம் என்றோ மூளை முடக்குவாதம் என்றோ மருத்துவர் எழுதிக் கொடுத்த தாளுடன் வீடு திரும்பும் பெற்றோரின் காதில் வந்து விழும் முதல் யோசனைகளில் ஒன்று குதிரை. கோயிலில் சந்தித்த யாரோ ஒருவர், தன் மகன் வாரம் ஒருமுறை குதிரைப் பண்ணைக்குப் போகிறான், அதன் பிறகு இரவில் நன்றாகத் தூங்குகிறான், பணம் முழுவதையும் தேசிய மாற்றுத்திறனாளிகள் காப்பீட்டுத் திட்டமான என்.டி.ஐ.எஸ். கொடுக்கிறது என்று சொல்லியிருப்பார். அவர் சொன்னது பொய்யாக இருக்காது. ஆனால் அதை நம்பி, பக்கத்தில் இருக்கும் ஏதோ ஒரு பண்ணையில் பெயர் கொடுத்துவிட்டு, வந்த பில்லை, உங்கள் சார்பில் திட்டப் பணத்திலிருந்து பில் கட்டும் பிளான் மேனேஜருக்கு அனுப்பினால், அது திரும்பி வருவதற்கான வாய்ப்பும் அதே அளவுக்கு இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வேறுபாட்டைப் புரிந்துகொள்வதற்கே இந்தக் கட்டுரை.

விடையை முதலிலேயே சொல்லிவிடலாம். என்.டி.ஐ.எஸ். விலங்குக்காகப் பணம் தருவதில்லை. தகுதிபெற்ற சிகிச்சையாளர் ஒருவர் செய்யும் சிகிச்சைக்குத் தருகிறது. அந்தச் சிகிச்சையில் பந்து, ஊஞ்சல், படப்புத்தகம் ஆகியவற்றைப் போலவே நாயும் குதிரையும் ஒரு கருவியாக இருக்கலாம். கருவியின் பெயரைச் சொல்லிப் பணம் கேட்டால் கிடைக்காது. சிகிச்சையாளர் யார், பிள்ளையின் அன்றாட வாழ்வில் எந்தச் செயலை மேம்படுத்தப் போகிறார் என்ற இரண்டுக்கும் தெளிவான விடை இருந்தால் கிடைக்கும்.

முதல் படி: எதைக் கேட்கிறோம் என்று பிரித்தறிதல்

விலங்கு என்றவுடன் நான்கு வெவ்வேறு விஷயங்கள் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன. பார்வையற்றவரை வழிநடத்தும் நாய், வலிப்பு வருபவருக்கு உதவும்படி பயிற்றுவிக்கப்பட்ட நாய் போன்றவை உதவி விலங்குகள். 1992-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் பாகுபாட்டுத் தடைச் சட்டம் இவற்றைத் தனியாக வரையறுக்கிறது. மாற்றுத்திறன் காரணமாக ஒருவரால் செய்ய முடியாத குறைந்தது மூன்று செயல்களையாவது அந்த விலங்கு செய்ய வேண்டும், பொது இடங்களில் ஒழுங்காக நடந்துகொள்ளும் தேர்விலும் தேறியிருக்க வேண்டும் என்று என்.டி.ஐ.எஸ். எதிர்பார்க்கிறது. அனுமதி கிடைத்தால் அதன் பராமரிப்புச் செலவையும் திட்டமே ஏற்கும். ஆனால் இதற்கான மதிப்பீடு நீளமானது. இந்தக் கட்டுரையின் பொருள் அதுவன்று.

வீட்டில் வளரும் செல்லப்பிராணி இரண்டாவது வகை. அது பிள்ளைக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தாலும், அதை வாங்கும் விலை, தீனி, கால்நடை மருத்துவர் கட்டணம், காப்பீடு ஆகிய எதற்கும் திட்டத்தில் இடமில்லை. மூன்றாவது, பொழுதுபோக்கு: குதிரையேற்றப் பள்ளி வகுப்பு, பண்ணையைச் சுற்றிப் பார்ப்பது, பள்ளிக்கூடத்துக்குத் தன்னார்வலர் அழைத்து வரும் நாயோடு அமர்ந்து வாசிப்பது முதலியவை. பிள்ளையோடு துணைக்கு வரும் பணியாளரின் நேரத்துக்குச் சமூகப் பங்கேற்பு நிதியிலிருந்து செலவிட வாய்ப்புண்டு. வகுப்புக் கட்டணம், எந்தப் பிள்ளைக்கும் பெற்றோர் கட்டுவதைப் போல, பொதுவாக உங்கள் கையிலிருந்துதான் போகும். நான்காவதுதான் நாம் பேசவிருக்கும் விலங்குவழிச் சிகிச்சை. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (உடுத்துவது, உண்பது போன்ற அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தருபவர்), பேச்சு சிகிச்சையாளர், உளவியலாளர், பிசியோதெரபிஸ்ட் போன்ற ஒருவர், தம்முடைய துறைக்குரிய சிகிச்சையை, பயிற்சி பெற்ற ஒரு விலங்கின் துணையோடு செய்வது இது.

மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் வெளிப்பார்வைக்கு வேறுபாடு தெரியாது. இரண்டிலும் பிள்ளை குதிரை மேல்தான் உட்கார்ந்திருக்கும். இடறல் பெரும்பாலும் இங்கேதான் நேர்கிறது.

இரண்டாவது படி: திட்டத்தில் நீங்கள் இருக்கிறீர்களா?

இதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். விண்ணப்பிக்கும்போது வயது 65-க்குக் குறைவாக இருக்க வேண்டும்; ஆஸ்திரேலியக் குடியுரிமையோ நிரந்தர வதிவிட உரிமையோ இருக்க வேண்டும். நியூசிலாந்துக் குடிமக்களில் ஒரு பகுதியினருக்குரிய பாதுகாக்கப்பட்ட சிறப்பு விசாவும் ஏற்கப்படும். மாணவர் விசா, தற்காலிக வேலை விசா ஆகியவற்றில் வந்திருப்பவர்கள், எத்தனை ஆண்டுகள் வரி கட்டியிருந்தாலும், இதில் சேர முடியாது. இது பல குடும்பங்களுக்குக் கசப்பான செய்திதான், ஆனால் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. 9 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் குழந்தைப்பருவப் பங்காளர் என்ற உள்ளூர் நிறுவனத்தின் வழியாகவும், மற்றவர்களுக்கு லோக்கல் ஏரியா கோஆர்டினேட்டர் என்ற உள்ளூர் ஒருங்கிணைப்பாளர் வழியாகவும் விண்ணப்பிக்க உதவி கிடைக்கும். 6 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு நோயின் பெயர் உறுதியாகாவிட்டாலும், வளர்ச்சித் தாமதம் என்ற அடிப்படையிலேயே விண்ணப்பிக்கலாம்.

மூன்றாவது படி: சட்டம் கேட்கும் கேள்விகளைத் தெரிந்துகொள்ளுதல்

2013-ஆம் ஆண்டின் என்.டி.ஐ.எஸ். சட்டத்தில் 34-ஆவது பிரிவுதான் எல்லாவற்றுக்கும் அச்சாணி. கேட்கப்படும் உதவி அந்த நபரின் இலக்குகளுக்குத் துணைசெய்கிறதா, செலவுக்கு ஏற்ற பயன் தருமா, இன்றைய நல்ல நடைமுறையின்படி பயனளிக்கக்கூடியதா, குடும்பத்தினர் இயல்பாகச் செய்யக்கூடியதா, மருத்துவத் துறையோ பள்ளியோ தர வேண்டியதை இங்கே கேட்கிறார்களா என்று அது வரிசையாகக் கேட்கிறது. 2024 அக்டோபர் 3 முதல் இதற்கு முன்னால் இன்னொரு வாசலும் வந்துவிட்டது: எதற்குத் திட்டப் பணத்தைச் செலவிடலாம், எதற்குக் கூடாது என்ற இரண்டு பட்டியல்கள். சிகிச்சை உதவிகள் முதல் பட்டியலில் இருக்கின்றன. அவை சான்றுகளின் அடிப்படையில் அமைந்து, செயல்திறனை மேம்படுத்துவனவாகவோ தக்கவைப்பனவாகவோ இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. டாரோ சீட்டு, படிகக்கல் சிகிச்சை, நறுமண சிகிச்சை, பாத அழுத்த சிகிச்சை போன்றவை இரண்டாவது பட்டியலுக்குப் போய்விட்டன. கூடாத பட்டியலில் உள்ளதற்குச் செலவழித்தால், அந்தத் தொகையைக் கடனாகக் கணக்கிட்டுத் திரும்பக் கேட்கவும் நிர்வாக அமைப்பான என்.டி.ஐ.ஏ.வுக்கு அதிகாரம் உண்டு. இந்தப் பட்டியல்கள் இடைக்கால விதிகளாக வெளியிடப்பட்டவை என்பதால், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் வாரத்தில் என்.டி.ஐ.எஸ். இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சான்று என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. குதிரையும் ஆட்டிசமும் என்று தேடினால், 2015-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு அடிக்கடி கண்ணில் படும். 6 முதல் 16 வயது வரையிலான 127 பிள்ளைகளை இரண்டு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு 10 வாரம் குதிரையேற்றமும், மற்றொரு குழுவுக்கு உயிருள்ள குதிரையே இல்லாமல் பொம்மைக் குதிரையை வைத்துக் குதிரைகளைப் பற்றிய பாடமும் நடத்தினார்கள். ஏறியவர்களிடம் எரிச்சலும் அமைதியின்மையும் குறைந்தன. பேசிய சொற்கள் கூடின. நல்ல ஆய்வுதான். ஆனால் அதில் நடந்தது பயிற்றுநர்கள் நடத்திய குதிரையேற்றம், ஆக்குபேஷனல் தெரபி அன்று. அதைக் கடிதத்தோடு இணைக்கும்போது, ‘அப்படியானால் குதிரையேற்ற வகுப்பே போதுமே’ என்று அதிகாரி திருப்பிக் கேட்பதற்கும் நாமே வழிவிட்டுக் கொடுக்கிறோம். எந்தச் சான்றை எந்த இடத்தில் வைப்பது என்பதைச் சிகிச்சையாளரிடமே விட்டுவிடுவது நல்லது.

நான்காவது படி: கையில் இருக்கும் பிளானை வாசித்தல்

பிளான் என்பது உங்களுக்கு எதற்கு, எவ்வளவு பணம் என்று என்.டி.ஐ.எஸ். எழுதித் தரும் ஆவணம். அதில் பணம் ஒரே பெட்டியில் இருப்பதில்லை. சிகிச்சைக்கான பணம், திறன் வளர்ப்புப் பிரிவில், அன்றாட வாழ்க்கைத் திறன்களை மேம்படுத்துவது என்ற தலைப்பின்கீழ் இருக்கும். அங்கே தொகை இருந்து, அது குறிப்பிட்ட ஒரு சேவைக்கு மட்டும் என்று பூட்டி வைக்கப்படாமல் இருந்தால், பெரும்பாலான குடும்பங்கள் புதிதாக எந்த அனுமதியும் கேட்கத் தேவையில்லை. ஏற்கெனவே இருக்கும் சிகிச்சை மணிநேரங்களில் சிலவற்றை விலங்கோடு பணிபுரியும் சிகிச்சையாளரிடம் பெறுகிறோம், அவ்வளவே. இதைத் தெரியாமல் ‘குதிரைக்குத் தனியாகப் பணம் வேண்டும்’ என்று விண்ணப்பித்து, மறுப்புக் கடிதம் வாங்கி, சோர்ந்துபோகிறவர்கள் பலர்.

பணத்தை யார் நிர்வகிக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். என்.டி.ஐ.ஏ. நேரடியாக நிர்வகித்தால், என்.டி.ஐ.எஸ்.-இல் பதிவுபெற்ற சேவையாளர்களிடம் மட்டுமே போக முடியும். விலங்கோடு பணிபுரிபவர்களில் தனியாளாகவோ சிறு நிறுவனமாகவோ நடத்தி, பதிவு செய்யாமல் இருப்பவர்கள் பலர் என்பதால், தேர்வு சட்டென்று சுருங்கிவிடும். பிளான் மேனேஜர் இருந்தால் பதிவு இல்லாதவர்களிடமும் போகலாம், ஆனால் அரசின் உச்சவரம்புக் கட்டணத்துக்குள் இருக்க வேண்டும். நீங்களே நிர்வகித்தால் வரம்பும் இல்லை. அதற்குப் பதிலாகக் கணக்குப் பொறுப்பு முழுவதும் உங்களுடையது, பில்களை 5 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். மேலும் 2025 மே 19 முதல் புதிய பிளான்களில் தொகை மொத்தமாகத் திறக்கப்படாமல், பெரும்பாலும் மூன்று மாதத் தவணைகளாக வருகிறது. மிஞ்சியது அதே பிளானுக்குள் அடுத்த தவணைக்குப் போகும். ஆனால் அடுத்த தவணையை முன்கூட்டியே எடுக்க முடியாது. பள்ளி விடுமுறையில் வாரம் மூன்று நாள் பண்ணைக்குப் போகத் திட்டமிடுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஐந்தாவது படி: ஆளைத் தேர்ந்தெடுத்தல்

விளம்பரத்தில் இருக்கும் குதிரையின் படத்தைப் பார்க்காமல், சிகிச்சையாளரின் பெயருக்குப் பின்னால் இருக்கும் தகுதியைப் பாருங்கள். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், பிசியோதெரபிஸ்ட், உளவியலாளர் ஆகியோர் மருத்துவத் துறையினரைப் பதிவு செய்யும் ஆப்ரா என்ற முகமையின் பட்டியலில் இருக்க வேண்டும். இணையத்தில் பெயரைத் தட்டினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். பேச்சு சிகிச்சையாளர்களும் சமூகப் பணியாளர்களும் அந்தப் பட்டியலில் இருக்க மாட்டார்கள், அதில் தவறில்லை. அவர்களுக்குத் தத்தம் தொழில் சங்கங்களின் உறுப்புரிமை உண்டு. ‘விலங்குவழிச் சிகிச்சைச் சான்றிதழ்’ மட்டும் வைத்திருப்பவரும், ‘குதிரைகளோடு முப்பது ஆண்டு அனுபவம்’ உடையவரும் நல்ல மனிதர்களாக இருக்கலாம், ஆனால் சிகிச்சையாளருக்குரிய கட்டணத்தை அவர்கள் கேட்க முடியாது. தொலைபேசியில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அமர்வு முழுவதும் சிகிச்சையாளர் அங்கே இருப்பாரா, அல்லது மதிப்பீட்டை மட்டும் செய்துவிட்டு உதவியாளரிடம் ஒப்படைப்பாரா என்பது. உதவியாளர் நடத்துவது தவறன்று, அதற்குரிய கட்டணம் குறைவு என்பதுதான் செய்தி.

சேர்வதற்கு முன் ஓர் அமர்வை வேலிக்கு வெளியே நின்று பார்க்க அனுமதி கேளுங்கள். நான் அப்படிப் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஆறு வயதுப் பையன் ஒருவன் குதிரையின் இடப்பக்கம் நின்று, வலக்கையில் தூரிகையைப் பிடித்து, அதன் கழுத்திலிருந்து முதுகுவரை நீளமாகத் தேய்த்துக்கொண்டிருந்தான். பார்ப்பவருக்கு அது குதிரைக்குத் தலைவாரும் விளையாட்டு. ஆனால் அந்த ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் கவனித்தது அவனுடைய கை, உடலின் நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கம் போகிறதா என்பதை. சட்டை அணியும்போது ஒரு கையால் மறுபக்கக் கைப்பகுதியைப் பிடித்து இழுப்பதற்கு அதே அசைவுதான் வேண்டும். பிறகு அவனைக் குதிரையில் ஏற்றி, நான்கு அடி நடத்தி, நிறுத்தினார். மறுபடி நகர வேண்டுமானால் அவன் ஏதாவது சொல்ல வேண்டும். அரை நிமிடம் யாரும் பேசவில்லை, குதிரை காதை மட்டும் ஆட்டியது. அவன் ‘போ’ என்றான். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை; அந்தப் பெண்மணிக்கு அந்தச் சொல் தெரியாது, ஆனால் தயங்காமல் குதிரையை நடத்தினார். அமர்வு முடிந்ததும், எத்தனை முறை தானாகச் சொன்னான், எத்தனை முறை தூண்ட வேண்டியிருந்தது என்று ஏட்டில் குறித்துக்கொண்டார். அந்த ஏட்டில் இருக்கும் எண்கள்தான் பின்னால் உங்கள் பணத்தைக் காப்பாற்றும். அப்படி எதுவும் எழுதாமல் பிள்ளை மகிழ்ச்சியாக இருந்தான் என்று மட்டும் சொல்லி அனுப்பும் இடம், பொழுதுபோக்குக்குச் சிறந்த இடமாக இருக்கலாம்.

இன்னும் சில கேள்விகளைக் கூச்சப்படாமல் கேட்கலாம். விபத்துக் காப்பீடு விலங்கு இருக்கும் அமர்வுகளையும் உள்ளடக்குகிறதா, நாய் எங்கே பயிற்சி பெற்றது, அது களைத்துப்போனால் என்ன செய்வார்கள், குதிரையில் ஏறும்போது இரு பக்கமும் ஆள் நடப்பார்களா என்பன அவை. பிள்ளைக்கு ஆஸ்துமா, முடி ஒவ்வாமை, வலிப்பு, கழுத்தெலும்பு அல்லது இடுப்பெலும்புப் பிரச்சினை ஏதாவது இருந்தால், ஏறுவதற்கு முன் மருத்துவரின் எழுத்து வேண்டும். தெருநாய்களைக் கண்டு ஒதுங்கி வளர்ந்த நம் பிள்ளைகளில் சிலருக்கும், அவர்களைவிட நம் பாட்டிமார்களுக்கும், நாய் என்றாலே உடம்பு கூசும். அந்த அச்சம் இருந்தால் இந்த வழியைக் கட்டாயப்படுத்திப் போக வேண்டியதில்லை.

ஆறாவது படி: இலக்கையும் கடிதத்தையும் எழுதுதல்

‘மகன் குதிரைச் சவாரி கற்க வேண்டும்’ என்பது இலக்கு அன்று, விருப்பம். ‘காலையில் உதவியில்லாமல் சட்டை அணிய வேண்டும்’, ‘தேவையை ஒரு சொல்லாலாவது கேட்க வேண்டும்’, ‘பள்ளி நாற்காலியில் பத்து நிமிடம் நிமிர்ந்து உட்கார வேண்டும்’ என்பவை இலக்குகள். பிளான் சந்திப்பில் இவற்றைச் சொல்லுங்கள், குதிரையைப் பற்றிப் பேசவே வேண்டாம். அது சிகிச்சையாளரின் கடிதத்தில் வரட்டும். அந்தக் கடிதத்தில் பிள்ளையால் இப்போது எது முடிகிறது, எது முடியவில்லை என்ற அளவு, வழக்கமான அறையில் செய்த சிகிச்சையில் என்ன ஆயிற்று, விலங்கு இருப்பதால் எது கூடுதலாக எளிதாகிறது, எத்தனை அமர்வு, எப்போது மறுபடி அளந்து பார்ப்பார்கள், முன்னேற்றம் இல்லையென்றால் நிறுத்துவார்களா என்பன இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்ன வாக்கியத்தைப் பெரும்பாலான கடிதங்கள் விட்டுவிடுகின்றன. நிறுத்தும் நிபந்தனையை எழுதத் தயாராக இருக்கும் சிகிச்சையாளரை நான் கூடுதலாக நம்புவேன், கடிதத்தை வாசிக்கும் அதிகாரியும் அப்படித்தான்.

ஏழாவது படி: கணக்குப் போட்டுவிட்டுக் கையெழுத்திடுதல்

2025 ஜூலை நிலவரப்படி, பெருநகரப் பகுதிகளில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டுக்கும் பேச்சு சிகிச்சையாளருக்கும் மணிக்கு உச்சவரம்பு 193.99 டாலர், பிசியோதெரபிஸ்ட்டுக்கு 183.99, உளவியலாளருக்கு 232.99. பயண நேரத்துக்கு இதில் பாதியைத்தான் கேட்க முடியும். வாரம் ஒரு மணிநேரம், 12 வாரம் ஆக்குபேஷனல் தெரபி என்றால் 2,327.88 டாலர். பண்ணை நகருக்கு வெளியே இருந்து, சிகிச்சையாளர் போக அரை மணி, திரும்ப அரை மணி என்று பயணம் சேர்ந்தால், ஓர் அமர்வு ஏறக்குறைய 291 டாலராகி, அதே 12 வாரம் 3,492 டாலரைத் தொடும். அறிக்கை எழுதும் நேரமும் மணிக்கணக்கில் வரும். இந்தத் தொகை உங்கள் மூன்று மாதத் தவணைக்குள் அடங்குமா, மற்றச் சிகிச்சைகளுக்கு என்ன மிஞ்சும் என்று முதலில் பாருங்கள். ஒரே நாளில் பண்ணைக்கு வரும் மூன்று நான்கு குடும்பங்கள் பயணச் செலவைப் பங்கிட்டுக்கொள்வதும் உண்டு, கேட்டால்தான் சொல்வார்கள்.

சேவை ஒப்பந்தத்தில் மழை பெய்தாலோ குதிரைக்கு உடல்நிலை சரியில்லாமல் போனாலோ என்ன செய்வார்கள், எத்தனை நாள் முன்னதாகச் சொன்னால் கட்டணம் இல்லை என்ற இரண்டையும் தேடிப் படியுங்கள். ‘விலங்குப் பராமரிப்புக் கட்டணம்’ என்று உச்சவரம்புக்கு மேல் ஒரு வரி தெரிந்தால், அதைப் பிளான் மேனேஜர் கொடுக்க மாட்டார், அது உங்கள் தலையில் விழும்.

பில் வரும்போது, அதில் சிகிச்சையாளரின் பெயர், வணிக எண்ணான ஏ.பி.என்., தேதி, நேரம், தொழிலுக்குரிய சேவைக் குறியீடு ஆகியவை இருக்க வேண்டும். ‘குதிரை அமர்வு 1’ என்று மட்டும் எழுதிய பில் திரும்பி வருவதில் வியப்பில்லை. ‘ஆக்குபேஷனல் தெரபி, 1 மணி’ என்று இருந்தால் போகும். ஆனால் நடந்தது உண்மையிலேயே ஆக்குபேஷனல் தெரபியாக இருக்க வேண்டும். சொல்லை மாற்றி எழுதிச் சமாளித்துவிடலாம் என்று எந்தச் சேவையாளராவது சொன்னால், அந்த இடத்தைவிட்டு வந்துவிடுங்கள். பின்னாளில் விளக்கம் கேட்கும் கடிதம் உங்கள் முகவரிக்கும் வரும்.

எட்டாவது படி: மறுத்துவிட்டால்

மறுப்பு எழுத்தில் வந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் உள் மறுஆய்வு கேட்கலாம். அந்த முடிவை முதல் முடிவில் தொடர்பில்லாத வேறொரு அதிகாரி பார்ப்பார். பழைய கடிதத்தையே மறுபடி அனுப்புவதில் பயனில்லை. எந்த நிபந்தனை நிறைவேறவில்லை என்று மறுப்பில் எழுதியிருக்கிறார்களோ, அதற்கு மட்டும் விடை சொல்லும் புதிய பக்கம் ஒன்றைச் சிகிச்சையாளரிடம் கேட்டு வாங்குங்கள். உள் மறுஆய்விலும் தோற்றால், 28 நாளுக்குள் நிர்வாக மறுஆய்வுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஏ.ஏ.டி. என்ற பழைய நிர்வாக மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் பதிலாக 2024 அக்டோபர் 14 முதல் இயங்குவது இது. கட்டணமில்லாமல் உடன் நிற்கும் மாற்றுத்திறனாளி ஆதரவு அமைப்புகள் எல்லா மாநிலங்களிலும் உண்டு. சேவையாளரின் நடத்தையைப் பற்றிய புகார் என்றால், அதற்கு வேறு இடம்: என்.டி.ஐ.எஸ். தரம் மற்றும் பாதுகாப்பு ஆணையம், 1800 035 544.

ஆங்கிலத்தில் பேசத் தயக்கமாக இருந்தால், 131 450 என்ற மொழிபெயர்ப்புச் சேவை எண்ணை அழைத்து, ‘தமில், என்.டி.ஐ.எஸ்.’ என்ற இரண்டு சொற்களை மட்டும் சொல்லுங்கள். ழகரத்தை அங்கே எதிர்பார்க்க வேண்டாம். மொழிபெயர்ப்பாளர் இணைப்பில் வந்ததும், அவர் 1800 800 110-ஐ அழைத்து உங்களுக்காகப் பேசுவார். அழைப்பதற்கு முன் என்.டி.ஐ.எஸ். எண், பிளானின் முதல் பக்கம், சிகிச்சையாளரின் கடிதம் ஆகிய மூன்றையும் மேசைமேல் வைத்துக்கொள்ளுங்கள். பேசிய அதிகாரியின் பெயரையும், அழைப்புக்கு அவர்கள் தரும் குறிப்பெண்ணையும் கடிதத்தின் ஓரத்திலேயே எழுதிவிடுங்கள்.